சோப்புக்கு ஊர் தேடிக் கரையாம்புத்தூர் வரை

மாசி மாதத்துச் சனிக்கிழமை. காலை ரயிலில் புதுச்சேரியிலிருந்து கிளம்பினோம்: நான், என் மனைவி கமலம், ஒரு தகரப் பெட்டி நிறையச் சலவைச் சோப்பு. நாங்களே காய்ச்சியது. காய்ச்சுகிற நாற்றம் தாங்கவில்லை என்று வீட்டுக்காரர் பங்குனிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். போனால் போகிறார்! இதையே சாக்காக வைத்து, கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் என்று இங்கிலீஷ்காரன் ஆளும் பக்கத்துச் சந்தைகளுக்கெல்லாம் சரக்கு அனுப்பத் தோதான ஊராகப் பார்த்து உட்கார்ந்துவிடலாம் என்று எனக்கு ஒரே குதூகலம். தப்பான ஊரைப் பிடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு மில்லுக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். அதுவும் தெரியும்.

வில்லியனூருக்குத் தலைக்கு இரண்டணா. ரயிலடி ஊர், வசதிதான். ஆனால் அங்கே கொட்டகை வாடகை கேட்டதும் கமலம், "இதுக்குப் புதுச்சேரியே தேவலாம், வாங்க போலாம்" என்று நடையைக் கட்டினாள்.

அங்கிருந்து கரையாம்புத்தூருக்கு மாட்டு வண்டி. பன்னிரண்டு மைல் இருக்கும், வாடகை ஒன்றரை ரூபாய். பிரெஞ்சு எல்லையின் கடைசி ஊர் அது. எல்லைக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறோமோ அவ்வளவு லாபம் என்பது என் கணக்கு. வழியெல்லாம் நெல்லும் கரும்பும். நெட்டப்பாக்கம் போகும் வழியில் வண்டிக்காரர் ஏழுமலை திரும்பிப் பார்த்து, "இப்ப நாம இங்கிலீஷ்காரன் மண்ணுல போறோம் சார்" என்றார்.

"எப்போது நுழைந்தோம்?"

"தோ, அந்தப் புளிய மரத்தாண்ட."

சொல்லி வாய் மூடவில்லை, சுங்கச் சாவடி வந்துவிட்டது. சேவகன் பெட்டியைத் திறந்து முகர்ந்தான்.

"பிரெஞ்சு ஊரிலிருந்து பிரெஞ்சு ஊருக்குத்தானே ஐயா போகிறது!" என்றேன்.

"நடுவுல எங்க ரோடு கீதே?"

வரி வாங்கிக்கொண்டுதான் விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியிலிருந்து குதித்திருப்பேன்; கமலம் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழுமலை வேறு, "கரையாம்புத்தூரச் சுத்தி எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான் சார்" என்று சிரித்தார். நாலு பக்கமும் சந்தை என்று நினைத்து வந்தவனுக்கு நாலு பக்கமும் சாவடி!

மத்தியானம் கரையாம்புத்தூர் சேர்ந்தோம். அன்று சந்தை. கால் கழுவ வாய்க்கால் துறைக்குப் போன கமலத்திடம் பெட்டியை விட்டுவிட்டு, கடலூருக்கு வண்டிச் சத்தம் எத்தனை ரூபாய் என்று விசாரிக்கப் போனேன். வண்டிச் சத்தத்தோடு சாவடி வரியும் சேர்ந்தால் சோப்பை நாமே தின்ன வேண்டியதுதான். முகம் தொங்கிப்போய்த் திரும்பினேன்.

துறையில் திருவிழாக் கூட்டம்! உவர்மண் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்த பெண்களுக்குக் கமலம் ஒரு கட்டியைத் தேய்த்துக் காட்டியிருக்கிறாள்.

"யம்மாடி, இன்னா நொர பாருடி!" என்றாள் செல்லி. இந்த ஊரில் பிறந்து பக்கத்து இங்கிலீஷ் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பாம். அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் துணி மூட்டையோடு இங்கேதான் வருவார்களாம். "எனக்கு ஒண்ணு, நாத்தனாளுக்கு ஒண்ணு, ஓரகத்திக்கு ஒண்ணு குடுக்கா."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அம்மா, சாவடியில் பிடிப்பார்களே?"

செல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று புதுக் கட்டிகளையும் தண்ணீரில் முக்கி, புடவையில் கட்டிக்கொரு இழுப்பு இழுத்து, ஈரத் துணிக்குள் சுருட்டினாள். "தோய்ச்ச சோப்புக்கு எவன் வரி கேப்பான்? இது என் வூட்டு சோப்பு!"

அவள் மட்டுமா? அந்தப் பக்கத்திலிருந்து வந்த அத்தனை பேரும் அப்படியே செய்தார்கள். கண் எதிரே பெட்டி முழுக்க விற்றுக் காலி. எனக்குத் துள்ளிக் குதிக்காத குறை!

துறைக்கு மேலே கரும்பு ஆலைக்காரரின் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. நாற்றம் அடிக்கும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "ஊருக்கு வெளிய தானே, காய்ச்சுங்க" என்றார்.

வெயில் தாழ வண்டி ஏறினோம். துணி மூட்டையைத் தலையில் ஏற்றியபடி செல்லி கூப்பிட்டுக் கேட்டாள்: "அக்கா, அடுத்த சந்தைக்கு வருவீங்களா?"

"எதுக்கு வரணும்? இங்கயேதான் இருக்கப் போறோம்!" என்று கத்தினாள் கமலம்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் இன்னும் உரக்கக் கத்தியிருப்பேன்.