கிளாஸ்கோவில் எங்களுக்கென்று ஓர் அறை

என் மகள் கிளாஸ்கோவில் வீடு வாங்கியபோது அதில் ஓர் அறையை எங்களுக்கென்று ஒதுக்கினாள். தரைத்தளம், படி ஏற வேண்டியதில்லை. தகப்பனின் முழங்கால் நோவை நினைத்தே அந்த வீட்டைத் தேடிப் பிடித்திருந்தாள். அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. நான் நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லண்டனில், மோர்டனில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு அங்கே போய்விடுவது என்று மூவரும் பேசி முடித்திருந்தோம். திரைச்சீலைக்கு எந்த நிறம் என்று கேட்டு அவள் படம் அனுப்பிய நாட்களில், என் வயதுக்குப் பொருந்தாத ஓர் உற்சாகத்தோடு நான் வீட்டுக்குள் நடமாடினேன்.

படிக்கப் போய் அங்கேயே ஆசிரியையாகத் தங்கிவிட்டவள் அவள். ஸ்கொட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்ற வாக்கெடுப்பு வந்தபோது என் கணவர் அவளைத் தொலைபேசியில் அழைத்து நெடுநேரம் வாதாடினார். "தனியப் போனால் ஐரோப்பாவும் உங்களுக்கு இல்லை, பிள்ளை. இருக்கிறதையும் இழந்துபோட்டு நிக்கப் போறியள்." அவளுக்கு மனம் இரண்டாகத்தான் இருந்தது. கடைசியில் தகப்பனுக்காக 'வேண்டாம்' என்று வாக்களித்தாள். அதைக் கோயிலில் சந்தித்தவர்களிடமெல்லாம் அவர் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அதன் பிறகுதான் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டுப் பிரித்தானியா வெளியேறுவதா என்ற கேள்வி வந்தது. வாக்களிக்கப் பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே நடந்து போனோம். அடுத்தடுத்த தடுப்புகளில் நின்று வாக்குச்சீட்டில் புள்ளடி இட்டோம். திரும்பும் வழியில் ஒருவரையொருவர் எதுவும் கேட்கவில்லை. நான் இருப்பதற்குப் போட்டேன். அவர் வெளியேறுவதற்குப் போட்டிருந்தார். "எங்கட அலுவலை நாங்கள்தானே பாக்கவேணும்" என்பது அவருடைய நியாயம். இளமையில் இதே சொற்களை, இதே மொழியில், வேறொரு நிலத்துக்காகச் சொன்னவர் அவர். ஆகவே எனக்கு அது புதிதாக இருக்கவில்லை.

வெளியேறுவதே முடிவாயிற்று. ஸ்கொட்லாந்தில் பெரும்பாலோர் இருக்கவே விரும்பியிருந்தும் அவர்களும் கூடவே வெளியேற வேண்டியதாயிற்று. மீண்டும் அங்கே தனிநாட்டுப் பேச்சு எழுந்தது. இந்த முறை என் மகள் தனிநாடு வேண்டும் என்பவர்களோடு நின்றாள்.

டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு அவள் வந்திருந்தாள். பிட்டும் கணவாய்க் கறியும் சமைத்திருந்தேன்.

"இப்ப வீடு வீடாப் போய்க் கதவு தட்டுறியாம்" என்று அவர் தொடங்கினார்.

"ஓம் அப்பா. சில வீட்டில நாயை அவிட்டு விடுகினம்."

"அந்த நாய்க்கு மூளை இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அவருக்குக் கறி பரிமாறினேன்.

"அண்டைக்கு ஐரோப்பா போயிடும் எண்டு என்னை மறிச்சது நீங்கள். இப்ப அந்தக் கதவை இழுத்துச் சாத்தினதும் நீங்கள்" என்றாள்.

"அது வேற, இது வேற."

"என்ன வேற? ஊரில நீங்கள் நாடு கேட்டது மட்டும் சரியோ?"

"கேட்டு என்னத்தைக் கண்டனாங்கள்? நாடு வாறதுக்கு முன்னம் எல்லைதான் வந்தது. நாளைக்கு உங்கட எல்லையில என்னை மறிப்பாங்கள். உன்ர வீட்டை வாறதுக்கு எனக்கு ஆர் பிணை நிக்கிறது?"

"நான் நிக்கிறன் அப்பா. பயப்பிடாமல் வாங்கோ. நீங்கள் சொன்ன நாளைக்குத் திரும்பிப் போகாட்டில் என்னைப் பிடிச்சு வைக்கட்டும்."

அவள் அதை விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் பிட்டைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். பிறகு எழுந்து, கையைக் கழுவாமலே மாடிக்குப் போனார். பொழுதுபடும்வரை இறங்கி வரவில்லை.

போர்க்காலத்தில் ஊரைவிட்டுத் தெற்கே கொழும்புக்குப் போக எங்களுக்கு ஒரு பாஸ் தேவைப்பட்டது. அதைக் கொடுத்தவர்கள் இயக்கத்தில் சேர்ந்திருந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளே. நாங்கள் கேட்ட நாட்டின் எல்லையை அவர்கள் அப்போதே காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நிற்கவேண்டும். அவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் வெளியேற முடியாது. என் கணவருக்குப் பிணை நின்றவர் அவருடைய தம்பி. "நீ போ அண்ணை, நான் பிறகு வாறன்" என்று சைக்கிளில் ஏற்றிவந்து வழியனுப்பினாராம். இவர் கொழும்பு போய் அங்கிருந்து லண்டன் வந்தார். தம்பிக்கு அந்தப் பாஸ் ஒருபோதும் கிடைக்கவில்லை. போரின் முடிவில் அவர் எங்கே விழுந்தார் என்றுகூட நாங்கள் அறியோம். சித்தப்பா போரில் இறந்தார் என்பதற்கு மேல் மகளுக்கு எதுவும் சொல்லக்கூடாது என்பது என் கணவரின் விருப்பம். அவள் நிம்மதியாக வளரட்டும் என்பார்.

அவள் கிளாஸ்கோ திரும்பிய அன்று மோர்டனிலிருந்து யூஸ்டன் ரயில் நிலையம்வரை நானும் கூடப் போனேன். பாதாள ரயிலின் இரைச்சலுக்குள், அவள் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள்.

"ஏனம்மா எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

யூஸ்டனில் இறங்கியபின் கிளாஸ்கோ வண்டி நிற்கும் மேடையைத் தேடிப் பிடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஆனால் அம்மா, நான் நினைக்கிறது பிழை எண்டு ஆகாது."

"ஓம்" என்றேன்.

"அப்பா நினைக்கிறதும் பிழையில்லை."

அதற்கும் ஓம் என்றேன்.

அன்று மாலையே அவள் தகப்பனை அழைத்து மன்னிப்புக் கேட்டாள். "அதொண்டுமில்லை பிள்ளை, சாப்பிட்டனியோ?" என்று அவர் மிகக் கனிவாகப் பேசினார். கோபமாக இருந்திருந்தால் ஆற்றியிருக்கலாம். தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "ஒரு எல்லைக்கு அங்கால போய் இருக்க என்னால ஏலாது. நீர் போறதெண்டால் போம். நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

அந்த எல்லை இன்றுவரை வரவில்லை. வருமா என்று யாருக்கும் தெரியாது. வரலாம் என்ற பேச்சே அவருக்குப் போதுமாயிருந்தது. ஓய்வு பெற்றபின் நான் சில தடவை தனியே போய் அந்த அறையில் தங்கினேன். மகள் தேர்ந்தெடுத்த பச்சைத் திரைச்சீலைக்கு அப்பால் ஒரு செர்ரி மரம் நின்றது. அங்கேயே இருந்துவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். ஆனால் ஒருவரைப் பின்னால் விட்டுவிட்டுப் போவது அந்த மனிதருக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். அவரை விட்டுவிட்டு வர எனக்கு மனம் துணியவில்லை. அவருக்கு இப்போது ஊன்றுகோல் வேண்டியிருக்கிறது. மோர்டன் வீட்டு மாடிப்படியில் ஒரு பக்கம் கைப்பிடி பூட்டியிருக்கிறோம்.

இந்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அழைத்தாள்.

"அம்மா, கவலைப்படமாட்டியள்தானே? வீட்டுக் கடன் கூடிப்போச்சு. அந்த அறையை ஒரு நர்ஸ் பிள்ளைக்கு வாடகைக்குக் குடுப்பம் எண்டு யோசிக்கிறன்."

"குடு பிள்ளை. பூட்டி வைச்சு என்ன செய்யிறது?"

"நீங்கள் வந்தால் என்ர கட்டிலில படுக்கலாம்."

"அதுக்கென்ன, வாறன்."

மழை பெய்கிறது என்றாள். தொலைபேசியை வைத்தேன்.

"என்னவாம்?" என்று கேட்டார் அவர்.

"அங்க மழையாம்."

"அங்க எப்ப மழையில்லை? குடை கொண்டு போறவளோ எண்டு கேட்டனீரோ?"

"கேட்டனான்" என்றேன்.