நீல எழுத்தை அழுத்தினால்

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் கணினி வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. நூலகர் அம்மாவுக்கு நாற்பது இருக்கும். மானகிரியிலிருந்து பஸ்ஸில் வருவார். நூலகத்தில் இருந்த ஐந்து கணினிகளிலும் புத்தகம் தேடித்தரும் புரோகிராம் ஒன்றை எழுதிப் போட்டிருந்தேன். மாணவர்கள் அதன் பக்கமே வரவில்லை. புத்தகத்தின் எண்ணைத் தட்டி எஃப்-3 பொத்தானை அழுத்த வேண்டும் என்றதுமே எழுந்து போய்விடுவார்கள். ஆனால் பிரவுசரில் இணைப்பைக் காட்டும் நீல எழுத்தைக் கண்டால் அழுத்தாமல் விடமாட்டார்கள். இதைக் கவனித்தவர் அந்த அம்மாதான்.

"தம்பி, இங்குட்டு நீல எழுத்தை அழுத்தினா அங்குட்டு உங்க புரோகிராம் அந்தப் புத்தகத்தோட தெறக்கணும். செய்வீகளா?"

முடியாது என்றேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. பழைய கணினி இதழ் ஒன்றில் வழி கிடைத்தது. இணைய முகவரிகள் எச்.டி.டி.பி. என்று தொடங்குவதுபோல, 'நூல்' என்று தொடங்கும் முகவரியை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். அப்படி ஒன்று வந்தால் எந்தப் புரோகிராமைத் திறப்பது என்று கணினி தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியில் எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தடவை புரோகிராம் திறந்தது. ஆனால் 'அப்படி ஒரு புத்தகம் இல்லை' என்றது. எண்ணோடு 'நூல்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தது. அதை வெட்டிவிட்டதும் சரியாக வந்தது. அந்த அம்மா சின்னப்பிள்ளைபோலக் கை தட்டினார். ஒரு வாரம் உட்கார்ந்து இருநூறு புத்தகங்களுக்குத் தன் கையாலேயே இணைப்புகளைத் தட்டி ஒரு பக்கம் தயார் செய்தார்.

காட்டுவதற்குக் கல்லூரி முதல்வரை அழைத்துவந்தார். முதல்வர் ஒரு பாதிரியார், அதிகம் பேசமாட்டார். வாசலோரம் இருந்த கணினியில் உட்கார்ந்து ஒரு தலைப்பை அழுத்தினார். புத்தகம் வரவில்லை, பிழைச் செய்தி வந்தது. இன்னொன்றை அழுத்தினார். அதே செய்தி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மா செய்த பக்கம் ஐந்து கணினிகளிலும் தெரியும். ரிஜிஸ்ட்ரியில் எழுதியதோ என் கணினியில் மட்டும்தான். மற்ற நான்கையும் நான் நினைக்கவே இல்லை. முதல்வர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஃபாதர், தப்பு என்னோடது," என்றார் அந்த அம்மா. "எல்லா மெஷின்லயும் போடணும்னு தம்பி சொல்லுச்சு. நாந்தான் அவசரப்பட்டு உங்களைக் கூப்பிட்டுட்டேன்."

நான் அப்படிச் சொன்னதே இல்லை.

"போடுங்க. இருக்கேன்," என்று முதல்வர் பேப்பரை எடுத்துக்கொண்டார். நான் ஃப்ளாப்பியோடு ஒவ்வொரு கணினியாக ஓடினேன். முடிந்ததும் மறுபடி அழுத்தினார். தாவரவியல் புத்தகம் ஒன்று அலமாரி எண்ணோடு வந்து நின்றது. "அட!" என்றவர், தானே எழுந்துபோய் அதை எடுத்துவந்து புரட்டிப் பார்த்தார்.

அவர் போனபின் கேட்டேன், "ஏன்மா அப்படிச் சொன்னீங்க?"

"நான் பதினெட்டு வருஷமா இருக்கேன், தம்பி. என்னைய நாலு வார்த்தை வஞ்சா ஒரு நாளோட போயிரும். நீங்க வந்து மூணு மாசந்தான ஆகுது?"

முதல்வரிடம் உண்மையைச் சொல்ல எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

மறுவருடம் சென்னையில் வேலை கிடைத்தது. அந்த அம்மா பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்பினார். "லெட்டர் போடுங்க. மறந்துறாதீக," என்றார். போடவில்லை. முதலில் வேலை அதிகம் என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் சோம்பல். அதற்கும் அப்புறம், இவ்வளவு நாள் கழித்து என்ன எழுதுவது என்ற வெட்கம்.