காத்திருக்கப் பிடிக்காத திலகவதி டீச்சர்

கீழ்பென்னாத்தூருக்குப் பேருந்தில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். திலகவதி டீச்சரின் கணவர் குமார் அழைத்தார். "திலகா போயிட்டா டீச்சர்." அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வேங்கிக்காலில் உள்ள அவர்கள் வீட்டுக்குத் திரும்பினேன்.

எங்கள் அரசுப் பெண்கள் பள்ளியில் அவர் உடற்கல்வி ஆசிரியர். நான் வேதியியல். கபடி ஆடுகளத்தில் யாரோ தினமும் காரை நிறுத்தினார்கள். மனு கொடுக்கலாம் என்றேன். "மனு குடுத்தா அடுத்த வருஷம்தான் எடுப்பாங்க" என்றவர், காரையும் உள்ளே வைத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். மறுநாள் கார் வரவில்லை.

அப்படிப்பட்டவரை நோய் காக்கவைத்தது. முதுகு வலிக்கும் பசியின்மைக்கும் மாதக்கணக்கில் கேஸ் மாத்திரைதான் கொடுத்தார்கள். கண் மஞ்சளான பிறகே சென்னைக்குப் போனார். கணையத்தில் புற்றுநோய். கட்டி ரத்தக்குழாயை ஒட்டியிருந்தது.

"கட்டிய உள்ள வெச்சிக்கினு எதுக்கு மருந்து? உடனே வெட்டி எடுங்க சார்" என்றாராம் டீச்சர்.

"இப்ப வெட்டினா முழுசா எடுக்க முடியாதும்மா. கீமோ குடுத்துச் சுருக்கிட்டு எடுக்கலாம்" என்றார் மருத்துவர்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். மருந்து ஏறிய நாட்களில் குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரலில் ஊசி குத்துவதுபோல் வலித்தது. ரத்த அணுக்கள் குறைந்தால் அடுத்த தவணை தள்ளிப்போகும். ஒருமுறை அப்படி வெறுங்கையோடு திரும்பியபோது பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ஊர் எல்லையிலேயே வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். டீச்சர் காரிலிருந்து இறங்கிக் காவலரிடம் கத்தினார்:

"அங்க ரத்தம் கம்மின்னு திருப்பி அனுப்பறாங்க, இங்க கூட்டம் ஜாஸ்தின்னு நிறுத்தறீங்க. நான் எங்கதாங்க போறது?"

 உடன் வந்த நான் இறங்கி, அவரை மறுபடி காரில் உட்காரவைத்தேன்.

ஒருவழியாகக் கட்டி சுருங்கியது. "தேதி குடுத்துட்டாங்க டீச்சர்!" என்று போனில் சிரித்தார். வயிற்றைத் திறந்தார்கள். ஸ்கேனில் தெரியாத சிறு சிறு புள்ளிகள் கல்லீரலின் மேல் இருந்தன. எதையும் எடுக்காமல் மூடிவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "எடுத்துட்டாங்களா?" குமார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் மருத்துவரிடம் சண்டைக்கே போனேன். முதலிலேயே வெட்டியிருக்கலாமே என்றேன். "அப்பவே கண்ணுக்குத் தெரியாம பரவியிருக்கலாம். வெட்டியிருந்தாலும் திரும்ப வந்திருக்கும்" என்றார். அது சரியாகவே இருக்கட்டும். என் கோபம் அடங்கவில்லை. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்றும் தெரியவில்லை.

குமார் அழைத்த அன்று மாலை, இறுதி ஊர்வலம் தெருமுனையை அடைந்ததும், பெண்கள் அங்கேயே நிற்க வேண்டும் என்றார்கள். பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்த கபடி அணி நிற்கவில்லை. ஒரு பெரியவர் குறுக்கே வந்தார்.

"எங்க டீச்சருங்க" என்று மட்டும் சொன்னாள் அணித் தலைவி. அவர் விலகினார். நானும் அவர்களோடு நடந்தேன். சுடுகாட்டில் அந்தப் பிள்ளைகள் கைகோத்து நின்றார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை.

போய்வாருங்கள், டீச்சர். கடைசிவரை உடன் வந்தோம்.