ரெஹலுக்குக் கீழே இயற்பியல்

“…தப்பு வந்தா உடனே தொடையில தட்டுடி, பாவம்னு மட்டும் வுட்றாத. ஒரு வாரம் தப்பாவே ஓதிட்டா, அப்புறம் அது போவாது” என்பாள் ஜீனத், தினமும், முக்காட்டைச் சரிசெய்துகொண்டே.

சேலையூரில் நாங்கள் படித்த இஸ்லாமிய இன்டர்நேஷனல் பள்ளியில் காலை இரண்டு மணி நேரம் குர்ஆன் மனப்பாடம். கணக்கும் அறிவியலும் அதற்குப் பிறகுதான். ஒருத்தி பார்க்காமல் ஓத, எதிரே ஒருத்தி ‘ரெஹல்’ என்கிற மரத்தாங்கியில் குர்ஆனை விரித்துவைத்துப் பிழை பார்ப்பாள். ஜீனத்துக்கு அந்த ஒருத்தி நான். முப்பது பாகங்களில் இருபத்திரண்டு அவள் நெஞ்சில் இருந்தன. மிச்சத்தையும் முடித்தால் ‘ஹாஃபிழா’ என்ற பட்டம். “எங்க வூட்ல ஹாஃபிழாவும் டாக்டரும் ஒரே பொண்ணா வருதும்மா, கல்யாணச் செலவு மிச்சம்” என்று அவள் அம்மா வேனுக்கு நிற்கிற எல்லோரையும் சிரிக்கவைப்பார்.

பத்தாம் வகுப்பு வந்ததும் அந்தக் காலை நேரத்தை இயற்பியல் ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துக்கொண்டது. “மார்க்கமும் வேணும், மார்க்கும் வேணும்” என்றார் பிரின்ஸிபல் மேடம். ஓதுவதற்கு மதியச் சாப்பாட்டு வேளையில் அரைமணிதான் மிஞ்சியது. ஃபெயிலாகிவிடுவேனோ என்ற பயத்தில் நான் ரெஹலுக்குக் கீழே, மடியில், இயற்பியல் நோட்டை வைத்துக்கொண்டு, அவள் குரல் தயங்கும்போதெல்லாம் “சரிதான், மேல போ” என்றேன். மாதக்கணக்கில் அப்படித்தான்.

ஆண்டு முடிவில், குர்ஆன் கற்றுத்தருகிற ஆலிமா முன் ஓதிக்காட்ட உட்கார்ந்த ஜீனத் ஒரு வசனத்திலிருந்து வேறெங்கோ இருந்த இன்னொன்றுக்குத் தாவினாள். திருத்தினால் மறுபடி அங்கேயே தாவினாள். “மொதல்லேர்ந்து வரணும்மா” என்றார் ஆலிமா. மேல்வகுப்பில் அதற்கு நேரமே இல்லை. அவளுக்கு டாக்டர் படிப்பும் கிடைக்கவில்லை. நான் பாஸானேன், இன்று ஒரு சூத்திரம்கூட நினைவில்லை.

போன மாதம் அதே பள்ளி வாசலில், என் மகனுக்காக நானும் அவள் மகளுக்காக அவளும் நின்றிருந்தபோது, அந்த நோட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

“அப்பவே தெரியும்டி. நீ பக்கத்தையே திருப்ப மாட்டியே.”

“அப்புறம் ஏண்டி எங்கிட்டயே ஓதுனே?”

“வேற யாரு கேட்டா?”

இப்போது அங்கே எதிரெதிரே உட்கார்ந்து ஓதுகிற வழக்கம் இல்லை. பிள்ளை ஓதுவதைப் பெற்றோர் வீட்டில் கேட்டு, டைரியில் கையெழுத்திட வேண்டும், பள்ளி நாளுக்கு ஒரு கட்டம்.

“மம்மி, ஒரு வாரமா சைன் இல்ல, மிஸ் வெளிய நிக்க வெச்சுட்டாங்க” என்று மகள் டைரியை நீட்டினாள்.

ஜீனத் அதை ஸ்கூட்டர் சீட்டில் விரித்து, ஐந்து கட்டங்களிலும் கையெழுத்துப் போட்டாள்.