தட்டல் நிற்கவில்லை

டெஸ் புறப்பட்டுப் போனது 1985 மார்ச் முதலாம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை. ஒனிஹங்கா அம்புலன்ஸ் நிலையத்தின் பின்கதவடியில் நின்று இரண்டு சொசேஜ் ரோல் எடுத்தான். ஒன்றை நிக்கலஸிடம் நீட்டினான்.

"வெள்ளிக்கிழமை. அதுவும் தபசுகாலம். இறைச்சி தொடமாட்டன்."

"உன்ரை கடவுளுக்கு நன்றி." டெஸ் இரண்டையும் தானே தின்றான். "உன்ரை வெள்ளிக்கிழமைகள் வளத்த வயிறுதான் இது."

நாலு வருடம் இருவரும் ஒரே வண்டியில் ஓடியவர்கள். ஹோக்கியாங்காவைச் சேர்ந்த மாவோரிப் பழங்குடிக்காரனான டெஸ் சாரத்தியம். மன்னாரிலிருந்து வந்த நிக்கலஸ் பின்னால், நோயாளியின் பக்கத்தில். இப்போது டெஸ்ஸுக்கு அவுஸ்திரேலியாவில் சுரங்க வேலை, இரட்டைச் சம்பளம். அந்த வருடங்களில் கை கால் திடமாக இருந்தவன் எல்லாம் அங்கேதான் பறந்தான்.

போவதற்கு முன், நிக்கலஸும் பக்கத்தில் நிற்க, மேற்பார்வையாளர் ஹார்லண்டை வண்டியடிக்கு இழுத்துவந்து காட்டினான். மேலதிக ஒட்சிசன் சிலிண்டரைச் சுவரோடு பிடித்திருந்த இரும்புப் பட்டி தளர்ந்து கிடந்தது. வண்டி குலுங்கினால் சிலிண்டர் தகரச் சுவரில் தட்டும். தட்டாமலிருக்க டெஸ் இடையில் ஒரு துவாயை மடித்துச் செருகியிருந்தான்.

"துவாய் வைத்தியம் காணாது. பட்டியை மாத்துங்கோ. என்ரை இடத்துக்கு ஒரு ஆளையும் போடுங்கோ."

"திங்கட்கிழமை," என்றார் ஹார்லண்ட்.

எந்தத் திங்கட்கிழமை என்று அவர் சொல்லவில்லை.

ஆளும் வரவில்லை, பட்டியும் வரவில்லை. நிக்கலஸ் தனியே ஓட்டினான். மாடிப்படியில் நோயாளியை இறக்க அயல்வீட்டுக் கதவைத் தட்டி, குளித்துக்கொண்டிருந்தவனையும் கூப்பிட்டான். ஒருநாள் பொறுக்கமுடியாமல் ஹார்லண்டிடம் கேட்டான்: "நெருப்புக்கு நாலு பேர் போறாங்கள். நெஞ்சுவலிக்கு ஒருத்தனா?"

"நெருப்பு பரவும், நிக். நெஞ்சுவலி பரவாது."

அதன்பிறகு அவன் தானே ஒரு முறை கண்டுபிடித்தான். நோயாளிக்கு நினைவு இருந்தால், போகும் வழி முழுக்க விரலாலோ மோதிரத்தாலோ பக்கச் சுவரில் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்வான். தட்டல் நின்றால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின்னால் ஓடுவான். அப்படி ஓடி இரண்டு பேரைக் காப்பாற்றியும் இருந்தான்.

மனைவி டோறினுக்கு அது பிடிக்கவில்லை.

"நீங்கள் முன்னுக்கிருந்து ஓட்ட, பின்னுக்குக் கிடக்கிற சீவனை ஆர் பாக்கிறது?"

"அந்தாள் தட்டும்."

"தட்டுறதுக்கும் பெலன் வேணுமே?"

"பெலன் இல்லாட்டித் தட்டாது. தட்டாட்டி நான் நிப்பாட்டுவன்."

"நல்ல வைத்தியம்! மாட்டுக்கு மணி கட்டினது போலை."

யூலையில், மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகல், பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து அழைப்பு வந்தது. தனியே வாழ்ந்த வில்சன் என்ற முதியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் கிடந்தார். கழுத்தெல்லாம் வேர்வை. நிக்கலஸ் அவரை ஏற்றி முகமூடியைப் பொருத்தினான். தலை சரிந்து சரிந்து விழுந்தது. கைக்கு அகப்பட்ட துவாயை உருவி, சுருட்டி, தலைக்கு அண்டை கொடுத்தான்.

"மோதிரத்தாலை தட்டுங்கோ ஐயா. நான் கேட்டுக்கொண்டே ஓட்டுவன்."

வில்சன் தலையாட்டினார். செத்துப்போன மனைவி போட்ட மோதிரத்தால் இரண்டு தரம் தட்டியும் காட்டினார்.

வழி முழுக்க டக், டக் என்று கேட்டது. தெரு மோசமான இடங்களில் பலமாகக் கேட்டது. மனுசன் உறுதியான ஆள் என்று நிக்கலஸ் நினைத்தான். அவருக்குக் கேட்கட்டும் என்று பலத்த குரலில், "கெட்டிக்காரன்! இன்னும் கொஞ்சத் தூரம்!" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் பின்கதவைத் திறந்தபோது வில்சனின் கை ஸ்ட்ரெச்சருக்கு வெளியே தொங்கியது. தாதி தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்பவோ முடிஞ்சுது," என்றாள். அவர்கள் ஸ்ட்ரெச்சரை இழுக்க, வண்டி அசைந்தது. சிலிண்டர் சுவரில் தட்டியது. டக்.

வழியில் நிறுத்திப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது எவருக்கும் தெரியாது. நிறுத்தவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

விசாரணையில் நிக்கலஸ் எதையும் ஒளிக்கவில்லை. வெற்று இருக்கையைப் பற்றிச் சொன்னான். பட்டியைச் சொன்னான். துவாயை எடுத்தது தான்தான் என்றும் சொன்னான். அவன் சொன்ன உண்மைகளில் கடைசியானது மட்டும் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

"பட்டியைப் பற்றி என்னட்டை ஆரும் சொன்னதில்லை," என்றார் ஹார்லண்ட், கண் இமைக்காமல்.

அது பொய்யென்று சொல்லக்கூடிய வேறு ஆள் டெஸ் ஒருவன்தான். அவனைத் தேடிப் பிடிக்க நிக்கலஸுக்கு ஒரு வாரம் கொடுத்தார்கள். டெஸ் விட்டுப்போனது பிரிஸ்பேனில் ஒரு தங்கும் விடுதியின் தொலைபேசி இலக்கம் மட்டும். நிக்கலஸ் விடாமல் எடுத்து, விசாரணையையும் பட்டி விஷயத்தையும் சொல்லிவைத்தான். விடுதிக்காரி ஒவ்வொரு தரமும் ஒரே பதிலைச் சொன்னாள்: ஆள் சுரங்கத்துக்குப் போய்விட்டான், வந்தால் சொல்கிறேன்.

"அவன் எடுப்பான்," என்றான் டோறினிடம்.

"ஓம், எடுப்பான். கிறிஸ்மஸுக்கு."

கிறிஸ்மஸுக்கும் எடுக்கவில்லை. அதற்கு வெகு முன்பே, கவனயீனம் என்று எழுதி நிக்கலஸின் சீருடையை வாங்கிவிட்டார்கள். கோயிலில் ஆட்கள் அவனைக் கண்டால் வேலையைப் பற்றிக் கேட்பதை விட்டு, மழையைப் பற்றிக் கதைத்தார்கள்.

மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு சலவைக் கம்பனி அவனை வான் ஓட்ட எடுத்தது. ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணியை ஏற்றி இறக்கும் வேலை. முதல் நாள் வானில் ஏறினால் பக்கத்து இருக்கையில் ஒரு சமோவாப் பெடியன் இருந்தான். மூட்டைகள் பாரம், தனியாளை அனுப்ப யூனியன் விடாது என்று விளக்கம் சொன்னான். நிக்கலஸ் சிரித்த சிரிப்பில் அவன் பயந்துபோனான்.

1989இல், ஒரு ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மகள் புதிதாக வாங்கி வைத்த தொலைபேசிப் பதில் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு மினுங்கியது. டோறின் பொத்தானை அழுத்தினாள். இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல். நிக்கலஸ் சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே நின்றான்.

"நிக்! நான் டெஸ். இப்பதான் பிரிஸ்பேனுக்குத் திரும்பி வந்தனான். விடுதிக்காரி கதவைத் திறந்த உடனை, விசாரணைக்கு நீ என்னைத் தேடினனி எண்டு சொன்னவ, எப்ப எண்டு அவவுக்கு ஞாபகமில்லை. ஓம், ஹார்லண்டுக்குப் பட்டியைக் காட்டினது நான்தான், நீயும் பக்கத்திலை நிண்டனி. ஆரிட்டை வேணுமெண்டாலும் சொல்லுறன். விசாரணை என்ன நாள் எண்டு சொல்லு. வெள்ளிக்கிழமை எண்டால் உன்ரை சொசேஜ் ரோல் எனக்கு."