சத்தமே போடாத வண்டி

என் டீக்கடை ஹார்பர் ரோட்டுல, டிரெய்லர் லாரி நிக்குற யார்டுக்குள்ள இருக்கு. கன்டெய்னர் ஏத்த முறை வார வரைக்கும் டிரைவருமாருக்கு என் பெஞ்சுதான் கதி. உக்காந்தா ஒரே பழைய வண்டிப் பேச்சுதான். எவன் சீட்டுக்குப் பின்னால பலகை அடிச்சுப் படுத்தான், எவன் தண்ணிக் கேனுக்கு ஈரச்சாக்கு சுத்துனான், எவன் ஹாரன் எந்த ஊரு வரைக்கும் கேட்டுது. எல்லாவனும் கத்திக் கத்தித்தான் பேசுவான். பக்கத்துல இருக்கவன்கிட்டப் பேச எதுக்குலே இப்படித் தொண்டையக் கிழிக்கியன்னு எனக்கு எரிச்சலா வரும்.

அதுல சுடலைக்கண்ணு அண்ணாச்சி தனி ரகம். சாத்தான்குளத்துக்காரரு. இருபத்தஞ்சு வருசமா ஒரே மொதலாளி, ஒரே வண்டி. அந்தப் பழைய வண்டியில எஞ்சின் கேபினுக்குள்ளயே டிரைவரோட இடது முட்டிய ஒட்டி இருக்கும். அதோட மூடி மேல குழம்புச் சட்டிய வச்சா திண்டிவனம் வரைக்கும் ஆறாதாம். "ஆனா சத்தம்? மூச்! பூனை மாதிரில்லா போவா"ம்பாரு. ரெக்சனும் டிரைவர்தான், மணப்பாட்டுக்காரன், வாய் அடங்காது. சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறும் அவனுக்கு. "வே அண்ணாச்சி, உம்ம வண்டி இங்கன கெளம்புனா புதுக்கோட்டையில தொட்டில் பிள்ள முழிச்சு அழும்வே!"

எனக்கு மண்டை குடைஞ்சுது. பொய் சொல்லுத மூஞ்சி இல்ல அது. பின்ன ஏன் இந்த மனுசன் அப்படிச் சொல்லுதாரு?

கவனிக்க ஆரம்பிச்சேன். முதுகுக்குப் பின்னால நின்னு "அண்ணாச்சி, டீ"ன்னா திரும்ப மாட்டாரு. கிளாஸப் பெஞ்சுல ணங்குன்னு வச்சா சட்டுன்னு திரும்புவாரு. பெஞ்சு அதிருதது தெரியுது, கூப்புடுதது தெரியல. நாலு பேரு முன்னால ஒரு டிரைவர்கிட்ட காது கேக்கலையான்னு கேக்க முடியுமா? ஸ்டியரிங்கே போயிரும்லா. தனியா சிக்கும்போது கேக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள மொதலாளி புது வண்டி எடுத்து அவரு கையில குடுத்துட்டாரு. ஏசி கேபின், எஞ்சின் எங்க இருக்குன்னே தெரியாது. பின்னால எடுக்கும்போது ஆள் நின்னா உள்ள பீப் பீப்னு அடிக்கும்.

மொத நாளே யார்டுல பின்னால எடுத்தாரு. ரெக்சன் தன் வண்டி டயருகிட்டக் குத்தவச்சு, இவரு வார வழியில முதுகக் காட்டி இருக்கான். "ஏலே ரெக்சா, எந்திலே!"ன்னு கத்துதேன். அவனும் திரும்பல, வண்டியும் நிக்கல. 

முன்ன லாரிக்கு லாரி கிளீனர் இருப்பான். பின்னால எடுக்கும்போது கூடவே நடந்து பாடியத் தட்டுவான். ரெண்டு தட்டுன்னா வரலாம், ஒரு தட்டுன்னா நில்லு. சட்டுன்னு அது ஞாபகம் வந்துது. ஓடிப் போயி கேபின் கதவுல உள்ளங்கையால ஓங்கி ஒரே அறை அறைஞ்சேன். வண்டி அப்படியே நின்னுது. ரெக்சன் முதுகுக்கும் டிரெய்லருக்கும் நடுவுல ஒரு முழம் இருந்தா பெருசு.

அண்ணாச்சி இறங்கி வந்தாரு. மூஞ்சியில ரத்தம் இல்ல. "தட்டுனது நீயா தாயி?"

"பீப் அடிச்சிருக்குமே, கேக்கலையா அண்ணாச்சி?"

"எந்தப் பீப்பு?"ன்னாரு. அப்புறம் அவருக்கே புரிஞ்சு போச்சு. அன்னைக்கே சாவிய மொதலாளி கையில குடுத்துட்டாரு. "காதப் பாத்துட்டு வாரேன். ஸ்டியரிங் இல்லன்னா நான் யாரு தாயி?"ன்னு என்கிட்டக் கேட்டாரு. எனக்கு அழுகையே வந்துட்டு.

பாளையங்கோட்டை டாக்டர், எஞ்சின் இரைச்சல்தான் காதத் தின்னுருக்குன்னுட்டு மிஷின் வச்சு விட்டாரு. நல்லாப் பாத்துட்டு, இனிமே ஓட்டலாம்னும் சொல்லிட்டாரு. மொதலாளி, "பழசா புதுசா, நீரே சொல்லும்"ன்னாரு. அண்ணாச்சி நேரா பழைய வண்டியில ஏறி ஸ்டார்ட் பண்ணுனாரு. மறு நிமிசமே காதப் பொத்திக்கிட்டு ஆஃப் பண்ணிட்டு என்னப் பாத்தாரு.

"ஏளா பேச்சி, என்ன எழவுச் சத்தம் இது! இதுக்குள்ளயா இத்தன வருசம் கெடந்தேன்?"

யாரும் சிரிக்கல. கீழ இறங்கி, "புது வண்டிச் சாவியத் தாரும்"ன்னாரு.

ரெக்சன் மெதுவா அவரு பக்கத்துல வந்தான். "அண்ணாச்சி, அந்த டாக்டர் எங்கன இருக்காரு?"

மிஷின் வச்சதுலருந்து அண்ணாச்சி சத்தம் போட்டுப் பேசுததில்ல. தெருவு, பஸ் ஸ்டாப்பு எல்லாம் நிதானமாச் சொன்னாரு. அடுப்புகிட்ட நின்ன எனக்கே தெளிவாக் கேட்டுது.

"எங்கன?"ன்னான் ரெக்சன்.