பழைய எண்ணெய்க்கு வந்தவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் என் மகள் காருக்கடியில் படுத்திருந்தாள். இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். அவளே ஆசைப்பட்டு வாங்கியது, அவளே முதல்முறையாக அதற்கு எண்ணெய் மாற்றுகிறாள். கையுறை, பக்கத்தில் சாய்த்துவைத்த போன். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அரை மணியில் முடித்துவிட்டு, கறுப்பு எண்ணெய் நிரம்பிய கேனைக் காட்டிக் கேட்டாள்:

"அப்பா, இந்தப் பழைய ஆயிலை என்ன பண்றது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கேள்வியை என் காலத்தில் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

நாங்கள் அப்போது பீர்க்கன்கரணையில் ஏரிப் பக்கத் தெரு ஒன்றில் குடியிருந்தோம். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், இதே மாதிரி ஒரு காரை வாங்கியிருந்தேன். எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டிச் சலித்த வண்டி. திறந்த கார் என்று பெருமையாகச் சொல்வேன். மேல் துணி கிழிந்து போயிருந்ததுதான் காரணம். அப்பாவுக்கு அது தகர டப்பா. அக்காவுக்கு மட்டும் அதன் மேல் கொள்ளை ஆசை. தன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு இதில்தான் என்று பிடிவாதமாக நின்றாள். அப்பா பேசிவைத்திருந்த வாடகைக் காரையும் நான் வேண்டாம் என்று சொல்ல வைத்தேன். "என்னை நம்புங்கப்பா" என்று வேறு சொன்னேன்.

அழைப்பு ஞாயிறு சாயங்காலம். புத்தியுள்ளவன் அன்றைக்குக் காலையில் வண்டியைச் சும்மா விட்டிருப்பான். மாப்பிள்ளை ஏறும்போது வண்டி புகை கக்கக் கூடாதே என்று நான் எண்ணெய் மாற்றக் கிளம்பினேன். முதல்முறை. துணைக்கு என்னோடு வேலை பார்த்த சேகர், அனகாபுத்தூர்க்காரன். அடியில் இருந்த போல்ட்டுகளில் பெரியதாக ஒன்றைப் பார்த்துக் கழற்றினேன். எண்ணெய் தேன் மாதிரி கெட்டியாக இறங்கியது. கூடவே அழுகிய முட்டை வாடை.

"மச்சான், எண்ணெ சோக்கா கீதேடா, இன்னாத்துக்கு மாத்துற?" என்றான் சேகர். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வாடை தெருவுக்குப் போனதோ, வண்டிக்கடியில் என் கால்கள் தெரிந்தனவோ, பாட்டில்களோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்தத் தெருவில் வண்டிக்கு எண்ணெய் மாற்றினால் அப்படித்தான். எதிர்வீட்டு டீச்சர் ஊறுகாய் பாட்டிலோடு வந்தார். கதவு நிலையில் கரையானாம், பழைய எண்ணெய் பூசினால் கிட்டே வராதாம். கட்டட மேஸ்திரிக்குச் சிமென்ட் ஒட்டாமலிருக்கப் பலகையில் தடவ வேண்டும். முனுசாமி அண்ணனுக்குக் கேட் கீல் கத்தியது. எங்கள் தெரு மொத்தமும் ஒரு காலத்தில் அவருடைய வயல். பத்து நிமிடத்தில், எண்ணெய் பிடித்துவைத்த சட்டி காலி.

புது எண்ணெயை இன்ஜினில் ஊற்றி, அளவுக் குச்சியை இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் குறியைத் தாண்டி எங்கேயோ நின்றது. சேகர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"இன்ஜின் எண்ணெ அப்டியே கீது மச்சான். நீ கியர் பாக்ஸைத் தொறந்து வுட்டுக்கிற."

கியர் பாக்ஸில் சொட்டு எண்ணெய் இல்லாமல் வண்டியை ஓட்டினால் அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை, கடைகள் எல்லாம் பூட்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொடுத்த எண்ணெயைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாக ஓடினேன். இப்படி ஒரு பிச்சையை யாராவது எடுத்திருப்பார்களா, நீங்களே சொல்லுங்கள்.

"ஐயோ தம்பி, பின்னாடி நிலை பூரா பூசிட்டேனே!" என்றார் டீச்சர். மேஸ்திரியின் பலகைகள் பளபளத்தன. முனுசாமி அண்ணன் மட்டும் நிதானமாகக் கேட்டைத் திறந்து மூடிக் காட்டினார். சத்தமே இல்லை.

"இன்னாத்துக்குப் பேஜாராவுற? வண்டி ஓடணும்னு எவன் சொன்னான்? மாப்ள வந்தா போதும். தள்ளிக்கினு பூடலாம்" என்றார் அண்ணன்.

அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம்வரை அப்படித்தான் போனோம். மேளம் முழங்கியது. மாப்பிள்ளை பின்பக்கம் உயரத்தில் மாலையோடு. நான் ஓட்டுவதுபோல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஊர்வலத்தோடு ஊர்வலமாகத் தள்ளிக்கொண்டு பதினோரு பேர். டீச்சரின் கணவர்கூட.

மாப்பிள்ளையின் சித்தப்பா பக்கத்தில் நடந்து வந்தார். "சத்தமே இல்லாம போகுதே! ஃபாரின் வண்டின்னா ஃபாரின் வண்டிதான்" என்றார். நானும் தலையாட்டினேன். மண்டபத்துக்கு முன்னால் வேகத்தடையில் வண்டி மாட்டிக்கொண்டது. "தம் கட்டித் தள்ளுங்கடா!" என்று முனுசாமி அண்ணன் போட்ட சத்தத்தில் மேளமே நின்றுபோனது. சித்தப்பா திரும்பிப் பார்த்தார். வாசலில் அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மாப்பிள்ளைதான் பேசினார். "இவங்க தெருவுல மாப்பிள்ளையை ஊரே தள்ளித்தான் கூட்டிட்டுப் போகுமாம், சித்தப்பா. வழக்கமாம்."

சித்தப்பா வண்டிக்குப் பின்னால் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் கை வைத்தார். மாப்பிள்ளை குனிந்து என் காதில் சொன்னார்: "பிரேக்லேர்ந்து காலை எடுங்க. கோயில்லேர்ந்து மிதிச்சுட்டே வர்றீங்க, பாவம் அவங்க." மாடி ஜன்னலில் அக்கா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாப்பிள்ளை, என் அத்தான், காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அவரை நினைத்தால் முதலில் அந்தக் குரல்தான் காதில் கேட்கிறது.

மகள் போனில் தேடிப் பார்த்து, வண்டலூர் பக்கம் ஒரு சர்வீஸ் சென்டரில் பழைய எண்ணெயை வாங்கிக்கொள்கிறார்கள் என்றாள். கேனைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் ஏறினேன். நம்ம பழைய தெரு வழியாகப் போகலாமா என்று கேட்டேன், போனாள். முனுசாமி அண்ணன் வீடு இருந்த இடத்தில் நாலு மாடி. டீச்சர் வீடும் இல்லை. எல்லா வாசலிலும் தானாகத் திறக்கும் கேட், கரையான் அரிக்காத கதவு. அந்த எண்ணெய் அங்கே யாருக்கும் வேண்டியதில்லை.

மகள் அருமையாக ஓட்டினாள். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. நின்றிருந்தால் அந்தத் தெருவில் எந்தக் கதவைப் போய்த் தட்டியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.